கொப்பியும் இரண்டு டின்களும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள வதனிக்கு,

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். மழை கொட்டத் தொடங்கி, கரண்டும் போய்விட்டது. இங்கே வாடை ஊதுகிறது. வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடக்கின்றன, விடுதிகளில் ஆளில்லை. எனக்குக் கடிதம் எழுத நேரம் கிடைத்திருக்கிறது என்றால் வியாபாரம் படுத்திருக்கிறது என்று அர்த்தம். சிரிக்காதே.

கறித்தூள் தொழில் தொடங்கப் போகிறாய், மெசின் வாங்க ஐந்து லட்சம் கடன் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். எடுக்காதே என்றுதான் முதலில் கை எழுதப் போனது. ஆனால் காரணம் சொல்லாமல் சொன்னால் நீ கேட்கமாட்டாய், பள்ளிக்கூடத்திலும் கேட்டதில்லை. அதனால் என் கதையிலிருந்தே வருகிறேன்.

2017 இல் நான் தொடங்கியது மூன்று விடுதிகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்துத்தான். இடியப்பம், சொதி, சம்பல். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை கை ஓயாது. புறாத்தீவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் விடியச் சாப்பிட்டுவிட்டுப் படகேறுவார்கள், நான் மூன்று மணிக்கே எழும்பி மா குழைப்பேன். அந்த இரண்டு வருடமும் நான் பெரிய முதலாளி என்ற நினைப்பு எனக்கு. பிறகு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீசன் தொடங்குகிற நேரம். குண்டு வெடித்த செய்தி வந்து இரண்டு நாளில் மூன்று விடுதிகளும் காலியாகிவிட்டன. அதில் ஒருவர் முந்தின வருடக் கணக்கிலேயே எனக்கு 62,000 ரூபா தரவேண்டியிருந்தது. அவர் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். எழுத்தில் ஒரு வரி இல்லை, எல்லாம் வாய்க்கணக்கு. யாரிடம் போய்க் கேட்க?

கொரோனாவையும் எப்படியோ தாண்டினோம். என்னை உண்மையில் உலுக்கியது காஸ். 2021 ஐப்பசிக்கு முன் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா, 2022 சித்திரையில் 4,860. அதுவும் கொழும்பு விலை, நம் பக்கம் வந்து சேர இன்னும் கூட. கோதுமை மாவும் அப்படித்தான். குடாவுக்கு அந்தப்பக்கம் சீனக்குடாவில் மா ஆலை கண்ணுக்குத் தெரிகிறது, இந்தப்பக்கம் நான் மாவுக்கு அலைந்தேன்! இவ்வளவுக்கும் பார்சல் விலையை நான் ஏற்றவில்லை. ஏற்றினால் ஆட்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்.

ஒரு இரவு மகனுடைய பழைய கணக்குக் கொப்பியை எடுத்துக் குசினி நிலத்தில் உட்கார்ந்தேன். பத்து இடியப்பம், சொதி, சம்பல் கொண்ட ஒரு பார்சல் 100 ரூபா. மா, தேங்காய், மிளகாய், காஸ், பொதிக்கிற தாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினால் 84 வந்தது. மிச்சம் 16. சரி, பரவாயில்லை என்று கொப்பியை மூடப் போனேன். பக்கத்தில் இருந்த மாமி, "ஓட்டோக் காசு எங்கே பிள்ளை?" என்றா. அதையும் போட்டேன், 5 ரூபா மிஞ்சியது. மூன்று மணிக்கு எழும்புகிற எனக்குக் கூலி அந்தப் பக்கத்தில் எங்கேயுமே இல்லை. அடுத்த கிழமையே விலையை ஏற்றினேன். நான்கு பேர் வராமல் விட்டார்கள், அதில் இருவர் மாதம் முடியமுன் திரும்பி வந்தார்கள். இதற்கா இவ்வளவு நாள் பயந்தேன் என்றிருந்தது.

அதிலிருந்து வீட்டில் இரண்டு பால்மா டின்கள். ஒன்று கடைக்காசு, மற்றது வீட்டுக்காசு. சனிக்கிழமை இரவு கடை டின்னிலிருந்து என் சம்பளத்தை எடுத்து வீட்டு டின்னில் போடுவேன். நடுவில் மகன் டியூசன் காசு கேட்டாலும் கடை டின்னைத் திறப்பதில்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் பெற்றோலுக்கு அதிலிருந்து எடுத்துவிட்டு ஒரு துண்டில் எழுதிப் போட்டிருந்தார், அதற்கே ஒரு நாள் முழுக்க நான் கதைக்கவில்லை. கொஞ்சம் அதிகம்தான்.

சீசனில் வருகிற காசு சீசனுக்கு மட்டும் உரியதல்ல என்பதும் எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது. இப்போது வைகாசி, ஆனியில் வெள்ளிக்கிழமை தோறும் வங்கியில் ஒரு தொகையைப் போட்டுவிடுவேன். மழை மாதங்களில் மாமியின் சங்கிலி அடைவுக்குப் போவதில்லை. அதோடு சாப்பாடு வாங்குகிற ஆட்களையும் மாற்றினேன். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகப் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு இரவில் பிட்டும் கறியும். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் ஊருக்குள்ளும் விற்பனை உண்டு. வெள்ளைக்காரர் கொடுக்கிற விலை கிடைக்காது, ஆனால் அடுப்பு அணையாது.

இனி உன் கதைக்கு வருகிறேன். மெசின் வேண்டாம், இப்போதைக்கு. ஆறு மாதம் மில்லில் கூலிக்கு அரைத்துப் பார். எத்தனை கிலோ போகிறது, எந்த மாதம் போகிறது, யார் திரும்ப வாங்குகிறார்கள் என்று எழுதி வை. கடைக்காரர்கள் "விற்றதும் தருகிறேன்" என்பார்கள். பத்துப் பக்கெட் கொடு, அந்தப் பத்தின் காசு வந்த பிறகு அடுத்த பத்து. நல்ல மனுசன், தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் அதேதான், கையெழுத்தும் வாங்கு. என் 62,000 உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்துவிடு. பிறகு வங்கிக்குப் போகிற நாளில் அந்தத் துண்டைத்தான் முதலில் கேட்பார்கள். பக்கெட்டில் நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உன் பெயர், முகவரி எல்லாம் இருக்கவேண்டும். பீ.எச்.ஐ., அதுதான் சுகாதாரப் பரிசோதகர், வந்து பிடிக்குமுன் நீயே போய் அவரிடம் கேட்பது நல்லது, நான் அப்படித்தான் செய்தேன், மனுசன் தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லாம் சொல்லித் தந்தார். தராசுக்கு வருடா வருடம் முத்திரை குத்தவேண்டும், மறந்துவிடாதே.

ஆறு மாதக் கொப்பியைப் பார்த்த பிறகும் மெசின் வேண்டும் என்று தோன்றினால் எடு. ஆனால் தவணையை நல்ல மாத வருமானத்தில் வைத்துப் பார்க்காதே, உன் கொப்பியில் ஆகக் குறைந்த மாதம் எதுவோ அதில் கட்ட முடியுமா என்று பார். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து காசு வாங்குகிறவர்களிடம் மட்டும் போகாதே. எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி ஒரு கடனைக் கட்ட மூன்று கடன் எடுத்து, கடைசியில் தையல் மெசினையே விற்றாள்.

ஒரு வேலை செய். கொத்தமல்லி, மிளகாய், சீரகம் எல்லாவற்றையும் வறுக்கமுன் நிறு, வறுத்து அரைத்த பிறகும் நிறு. ஒரு கிலோவாக உள்ளே போனது ஒரு கிலோவாக வெளியே வராது, அந்தக் குறைவை விலையில் சேர்க்காமல் விற்கிறவர்கள் ஏராளம். கணக்கைக் கடிதத்தில் எழுதி, தூளில் கால் கிலோவும் அனுப்பு. மட்டக்களப்பு பஸ்ஸில் யாராவது வந்தால் கொடுத்துவிடு. மாமி மீன்கறி வைத்துப் பார்க்கிறேன் என்று இப்போதே பாரைக்குச் சொல்லிவிட்டா.

அன்புடன்,
கலா