டிஸ்சார்ஜ் சம்மரியில் விடுபடும் வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரசவத்தில் கர்ப்பப்பை கிழிந்து உயிரிழப்பு நேர்ந்தால் உறவினர்கள் முற்றுகை, காவல் துறை பேச்சுவார்த்தை என்று செய்தி வருகிறது. ஏன் கிழிந்தது என்பது மட்டும் பெரும்பாலும் வருவதில்லை.

முன்பு வெட்டித் தைத்த தழும்பே இல்லாத கர்ப்பப்பை கிழிவது 10,000 பிரசவங்களில் ஒன்றிரண்டுதான். முதல் குழந்தை சிசேரியனாகி, அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயலும்போது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு நேரலாம். வலி வரவைக்க மருந்து கொடுத்தால் அது இரண்டு, மூன்று மடங்காகும். இரு பிரசவங்களுக்கும் இடைவெளி 18 மாதங்களுக்குக் குறைவென்றாலும் ஆபத்து கூடும்.

இந்த 200-ல் ஒன்று என்ற கணக்கு, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டப்பட்டவர்களுக்கு மட்டுமே பொருந்தும். குழந்தை குறைமாதமாகவோ குறுக்கே கிடந்தோ இருந்தால் சில நேரம் மேல்பகுதித் தசையை நெடுக்காக வெட்ட வேண்டியிருக்கும். அந்தத் தழும்பு கிழியும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். வலி தொடங்கும் முன்பே கிழிவதும் உண்டு. அவர்களுக்குச் சுகப்பிரசவ முயற்சியே கூடாது.

வயிற்றுத் தோலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியே அடிவயிற்றில் குறுக்குக் கோடு இருக்கும், உள்ளே நெடுக்கு வெட்டு இருக்கலாம். சொல்லவேண்டியது, வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரிதான். அதிலோ பல இடங்களில் 'எல்.எஸ்.சி.எஸ்.' (கீழ்ப்பகுதி சிசேரியன்) என்பதோடு சரி. வெட்டு எங்கே, எந்தத் திசையில், எடுக்கும்போது ஓரம் கிழிந்து மேலே நீண்டதா, எத்தனை அடுக்குத் தையல், என்ன காரணத்துக்காக ஆபரேஷன், பிறகு காய்ச்சலோ சீழோ வந்ததா: இவ்வளவும் எழுத இரண்டு நிமிடம் போதும். தலைப்பிரசவம் தாய்வீட்டு ஊரில், அடுத்தது வேறு ஊரில் என்று போகும் நம் வழக்கத்தில் அடுத்த மருத்துவருக்குக் கையில் கிடைப்பது அந்தத் தாள் ஒன்றுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன்.

சிசேரியன் அல்லாத தழும்புகளும் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் ஃபைப்ராய்டு கட்டி எடுத்தது, கர்ப்பப்பையின் மூலையில் தங்கிய கருவை அகற்றியது, 'டி அண்ட் சி' (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தபோது ஓட்டை விழுந்தது. இவற்றைப் பெண்கள் தாமாகச் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

கிழியும்போது பெரும்பாலும் முதலில் தெரிவது குழந்தையின் இதயத்துடிப்பு குறைவதுதான். வலி விட்டுவிட்டு வராமல் இடையிலும் தணியாதிருப்பது, நன்றாக வந்த வலி திடீரென நின்றுபோவது, இறங்கிய தலை மீண்டும் மேலேறுவது, சிறுநீரில் ரத்தம், தாயின் நாடி வேகமெடுப்பது, தோள்பட்டை வலி ஆகியவையும் அறிகுறிகள். எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருந்தால் குழந்தை மிஞ்சாது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் ஓடுகிறது. குழந்தையை எடுக்க பதினைந்து, இருபது நிமிடங்களே அவகாசம். ஆபரேஷன் தியேட்டரும் மயக்க மருத்துவரும் ரத்தமும் ஒரே வளாகத்தில் இல்லாத இடத்தில், தழும்புள்ளவருக்குச் சுகப்பிரசவ முயற்சியைத் தொடங்கக் கூடாது. 108-ஐ அழைத்து வேறு ஊருக்கு அனுப்பும் நேரம் இந்தக் கணக்கில் அடங்காது.

தழும்புள்ளவருக்கு நிறைமாதத்தில் வலி வரவைக்க மிசோபிரோஸ்டால் மாத்திரை வைப்பதும், வயிற்றின் மேல் கையை ஊன்றி அழுத்துவதும் இன்னும் சில இடங்களில் நடப்பது வேதனை. வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் டிரிப்பை ஏற்றிவிட்டு ஆளில்லாமல் விடுவது தழும்பில்லாத, பல பிள்ளை பெற்ற தாய்க்கும் ஆபத்து.

சிசேரியன் ஆன பெண்கள் வீடு திரும்பும் முன் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கைப்பேசியிலும் படமெடுத்து வையுங்கள். கொடுக்க மறுத்தால், "உள்வெட்டு குறுக்கா, நெடுக்கா?" என்ற ஒற்றைக் கேள்விக்காவது எழுத்தில் பதில் பெறுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவர், தஞ்சாவூர்