கோஹாவோடு மல்லுக்கட்டும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "புத்தகத்துக்காகத்தானேம்மா இந்தப் படிப்புக்கு வந்தேன், இப்ப பாதி நாள் சர்வரோடயும் எக்செல்லோடயுமே போகுது" என்றாய். போனில் பதில் சொன்னால் பேச்சு எங்கெங்கோ போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

நீ செய்வது நூலக வேலைதான், அதில் சந்தேகமே வேண்டாம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த ரங்கநாதன் அதுவரை கணக்கு வாத்தியார். 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், புத்தக விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதியும் மார்க் வடிவத்தை உருவாக்கிய ஹென்றியட் அவ்ரம் புரோகிராமர், நூலகப் படிப்பு படித்தவரில்லை. நூலகப் பட்டியல் அட்டையில் இருக்கும் ஒவ்வொரு விவரத்தையும் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் அவர் அதற்கெல்லாம் எண் கொடுத்தார். கிளை நூலகத்தில் நான் அட்டையில் ஆசிரியர் பெயர் எழுதிய இடம் உனக்கு 100. தலைப்பு 245. பகுப்பு எண் 082. இந்த எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள். நீ மல்லுக்கட்டும் நூலக மென்பொருளான கோஹாவில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது அடுத்த பதிப்பில் மாறிவிடும். 245 மாறாது.

கோஹாவும் பயப்பட வேண்டிய பெரிய இடத்துச் சரக்கு இல்லை. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற வட்டாரத்து நூலகங்களில் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், அவர்களுக்காக 1999-இல் எழுதியது அது. 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. எழுதியதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தார்கள். ஆகவே உன் சொந்த லேப்டாப்பில் ஒரு கோஹாவைத் தனியாகப் போட்டு, பொய்யான புத்தகங்களைச் சேர்த்து, அழித்து, உடைத்துப் பழகு. கல்லூரி சர்வரில் பழகாதே.

இனி உன் எக்செல் விஷயம். தமிழ்ப் புத்தகப் பதிவெல்லாம் பழைய எழுத்துருவில் இருக்கிறது, திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது என்றாய். அதை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. மாற்றியபின் பார்க்கச் சரியாக இருக்கிறதே என்று அப்படியே ஏற்றிவிடாதே, கண்ணு. தமிழில் கண்ணுக்குச் சரியாகத் தெரிவது கம்ப்யூட்டருக்குச் சரியாக இருக்காது. ஔவையாரை முதலில் தேடிப் பார். 'ஔ' ஒரே எழுத்து. ஆனால் நிறைய பேர் 'ஒ' அடித்து 'ள' அடித்துவிடுவார்கள். திரையில் வித்தியாசம் தெரிவதே கடினம், தேடினால் புத்தகம் இல்லை என்று வரும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருக்கும். 'ஸ்ரீ' இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கும். 'கொ' கூட ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்திருக்கலாம். ஓப்பன்ரிஃபைன் என்று பதிவுகளைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, கற்றுக்கொள். எக்செல்லின் ஒரு பத்தியில் ஒன்றுபோலத் தெரிகிற, ஆனால் வேறு வேறான பெயர்களையெல்லாம் அருகருகே கொண்டுவந்து காட்டும். புத்தகம் அலமாரியில் இருந்தும் ஒரு பிள்ளை 'இல்லை' என்ற பதிலோடு திரும்பிப் போவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. உன்னாலும் முடியாது என்று தெரியும்.

அடுத்தது எஸ்கியூஎல், பதிவுகளிடம் கேள்வி கேட்கும் கம்ப்யூட்டர் மொழி. அதற்கு நீ பயப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம். கோஹாவின் ரிப்போர்ட் பகுதியில் செலக்ட் கட்டளை, அதாவது விவரத்தை எடுத்துக் காட்டும் கட்டளை, மட்டும்தான் ஓடும். தப்பாக எழுதினால் விடை தப்பாக வரும், அவ்வளவுதான், பதிவு எதுவும் அழியாது. மூன்று வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்கள் எவை, வாங்கிய பிரதி போதாமல் வரிசையில் நிற்பது எது என்று கேட்டுப் பார். நூலகத்துக்கு வந்த புத்தகங்களின் பதிவேடான அக்சஷன் ரிஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டி நாங்கள் தேடியதை நீ ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

பதியாமல் வெளியே போகும் புத்தகத்தைக் கண்டுபிடிக்கும் ஆர்எஃப்ஐடி கேட், சுயசேவை இயந்திரம் எல்லாம் விற்க வருகிறவர்களே சொல்லிக்கொடுப்பார்கள், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. பேக்கப் மட்டும் வேறு. தினமும் ஒரு பிரதி எடு, ஒன்று கல்லூரிக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை உன் லேப்டாப்பில் ஏற்றி உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்.

இன்னொன்று, இது என் பக்கத்து வேலை. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர் என்று கம்ப்யூட்டருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். கவிதைத் தொகுப்பில் பசுவய்யா என்றும் நாவலில் சுந்தர ராமசாமி என்றும் இருப்பவரும் அப்படித்தான். ஒருவருடைய பெயர்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைக்கும் அத்தாரிட்டி பதிவில் நீங்கள் ஏற்றுக்கொண்ட பெயர் 100-இல், மற்றப் பெயர்களெல்லாம் 400-இல். அந்த மற்றப் பெயர்களையும் தேடலில் சேர்க்கும் அமைப்பு கோஹாவின் சிஸ்டம் பிரிஃபரன்ஸ் பக்கத்தில் இருக்கிறது, அதை இயக்கிவிட்டுத் தேடலுக்கான இண்டெக்ஸை மறுபடி போட வேண்டும். முன்னெழுத்துகளையும் ஒரே முறையில் போடு. சொ.வி., சொ. வி, சொ வி என்று மூன்றாக விடாதே.

தீபாவளிக்கு வரும்போது ஆசிரியர் பெயர்ப் பத்தியை மட்டும் பிரிண்ட் எடுத்து வா. புனைபெயர்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்கிறேன், நீ அடி. கண்ணாடியை மாற்றிவிட்டேன், சின்ன எழுத்தானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா