கரைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உளுந்து எடுத்தாகிவிட்டது. வயல் காலியாகக் கிடக்கிறது.

நீ அனுப்பிய நாய்க்குட்டி படத்தை அம்மா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். சிப்பிப்பாறை இன வேட்டை நாய்தான், சந்தேகமே இல்லை. ஒடுங்கி நீண்ட முகம், முதுகோடு ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால். "எலும்பு தெரியுதே, சோறே போடலையா இவன்?" என்று அம்மா பதறிப்போனாள். விலா தெரிந்தால்தான் அந்த இனத்துக்கு அழகு. மருமகள் இரக்கப்பட்டு நெய்யும் சோறுமாகப் போட்டுவிடப் போகிறாள், சொல்லி வை.

லீவுக்கு வரும்போது அதையும் கூட்டிவந்து நம் வயலில் அவிழ்த்துவிட வேண்டும், ஆசை தீர ஓடட்டும் என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல எனக்கு வராது. சின்ன வயதில் நீ நாய் வேண்டும் என்று அழுதபோதெல்லாம் அம்மாவுக்கு ஒத்துக்காது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். அம்மா பேரில் பழி போட்டது தப்பு. காரணம் நான்தான்.

1971 மே மாதம். எனக்குப் பதின்மூன்று வயது. உன் தாத்தாவிடம் அப்போது ஒரு ஜோடி வேட்டை நாய் இருந்தது. சாத்தூர்ப் பக்கம் பெண் கொடுத்திருந்த ஒரு சிநேகிதர், அதற்கு முந்தின வருஷமே குட்டிகளாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஆண் சிப்பிப்பாறை, மணல் நிறத்தில் லேசாகச் சிவப்பு ஓடும். அவன் பேர் செவலை. பெண், கன்னி என்கிற இனம். உடம்பு கறுப்பு, கால்கள் மட்டும் பழுப்பு, புருவம் இருக்கிற இடத்தில் இரண்டு பழுப்புப் பொட்டு. அவள் கருவாச்சி. 2020-இல் பிரதமர் வானொலியில் இந்த இனங்களின் பேரைச் சொன்னாரே, அன்றைக்கு ரேடியோவை அணைத்துவிட்டு நான் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவுக்கு நினைவிருக்கும்.

கோடையில் தாத்தா இரண்டையும் கூட்டிக்கொண்டு விளாங்குடிப் பக்கம் கொள்ளிடப் படுகைக்கு முயல் வேட்டைக்குப் போவார். முக்கொம்பு மேலணையில் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்டால்தான் கொள்ளிடத்தில் ஓட்டம். மே மாதத்தில் அது வெறும் மணல். ஓரமெல்லாம் நாணலும் கோரையும். முயல் நம் வீட்டு வெள்ளை முயல் மாதிரி வளை தோண்டாது. கோரை நிழலில் தன் உடம்பு அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் பண்ணிக்கொண்டு, காதைப் படியவிட்டு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். காலை அதன்மேல் வைக்கப் போகும்வரை அசையாது. தாத்தா கம்பால் கோரையைத் தட்டிக்கொண்டே போக, கூட வந்த பெரியப்பா மறுபக்கம் தட்டுவார். தரையில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை கிடந்தால் தாத்தா குனிந்து ஒன்றை விரலால் நசுக்கிப் பார்ப்பார். ஈரம் இருந்தால் என்னைப் பார்த்துத் தலையை அசைப்பார்.

நாய்களைப் பிடிக்கிற விதம் ஒன்று உண்டு. இரண்டு கழுத்து வாரிலும் ஒரு வளையம். ஒரே கயிற்றை இரண்டு வளையத்திலும் கோர்த்து, கயிற்றின் இரண்டு முனையையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். முயல் எழும்பியதும் ஒரு முனையை மட்டும் விட்டால் கயிறு உருவிக்கொண்டு வரும், இரண்டும் ஒரே நேரத்தில் பாயும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வேலைக்கு ஆகாது. முயல் நேராக ஓடுகிற பிராணி இல்லை. நாயின் மூச்சு வாலில் படுகிற நேரத்தில் சடாரென்று பக்கவாட்டில் வெட்டும். பின்னால் வந்த நாய் வேகத்தில் நாலு ஆள் நீளம் தாண்டிப் போய்விடும். அந்த இடத்தில்தான் இரண்டாவது நாய் வேண்டும். செவலை விரட்டுவான், கருவாச்சி கொஞ்சம் விலகியே ஓடி முயல் வெட்டித் திரும்புகிற பக்கம் மறிப்பாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

தாத்தா எனக்கு இரண்டு கட்டளை போட்டிருந்தார். ஓடப்போகிற நாய்க்கு முந்தின ராத்திரிக்குப் பிறகு தீனி கிடையாது. ஓடி முடித்து மூச்சு அடங்குகிறவரை வயிறு முட்டத் தண்ணீர் காட்டக்கூடாது, உள்ளங்கையில் எடுத்து நாக்கை நனைத்தால் போதும். இரண்டாவது, எது நடந்தாலும் கரைக்கு அந்தப் பக்கம் கயிற்றை விடக்கூடாது. ஆற்றுப் பக்கம் மணல். கரைக்கு அந்தப் பக்கம் களிமண் வயல். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா சொன்னால் ஏன் என்று கேட்கிற காலம் இல்லை அது.

அன்றைக்கு விடிந்து ஒரு நாழிகைக்குள் முதல் முயல் கிடைத்துவிட்டது. அந்த ஓட்டத்தை என்னால் இன்றைக்கும் கண்ணை மூடிப் பார்க்க முடியும். செவலை ஓடும்போது அவன் முதுகு வில் மாதிரி வளைந்து நிமிரும். பின்னங்கால் இரண்டும் முன்னங்காலைத் தாண்டி முன்னால் விழும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் நாலு காலும் தரையை விட்டு எழும்பிய ஒரு நொடி உண்டு. மணலில் சத்தமே இல்லை. மூன்றாவது வெட்டில் கருவாச்சி வாயில் பிடித்தாள். தாத்தா ஓடிப்போய் வாங்கி, துடிக்கவிடாமல் உடனே முடித்தார். கையில் கொடுத்தார். இரண்டு கிலோ இருக்கும். பிடரியில் மட்டும் கறுப்பு மயிர். சூடாக இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

வெயில் ஏறிவிட்டது. தாத்தா ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கப் போனார். பெரியப்பா பீடி பற்றவைத்துக்கொண்டு நாணல் நிழலில் உட்கார்ந்தார். கயிறு என் கையில். நான் நாய்களோடு கரைமேல் ஏறி நின்றேன். அங்கே கொஞ்சம் காற்று வந்தது.

கரையின் வயல் பக்கச் சரிவில், எட்டடி தூரத்தில், ஒரு முயல் எழும்பியது.

கயிறு என் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு போனது. பிடித்திருக்க முடியும், தம்பி. செவலையும் கருவாச்சியும் இழுத்த இழுப்பு எனக்குப் பழக்கம்தான், குந்தி உட்கார்ந்து குதிகாலை ஊன்றினால் நிறுத்தலாம். நான் ஒரு முனையை விட்டேன். தாத்தா திரும்பி வருவதற்குள் நானே ஒன்று பிடித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

சித்திரை வயல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் முழங்கை வரை கைவிடலாம். மேலே உளுந்துச் சருகு மூடிக்கிடக்கும். முயல் அந்த வயலிலேயே பிறந்து வளர்ந்தது, உடம்பு லேசு, பாளத்துக்குப் பாளம் தத்திப் போய்க்கொண்டிருந்தது. இந்த நாய்கள் மோப்பத்தில் ஓடுகிறவை அல்ல, கண்ணில் ஓடுகிறவை. முயலைத் தவிர அந்த நேரத்தில் உலகத்தில் எதுவும் அவற்றுக்குத் தெரியாது, கூப்பிட்டால் காதில் விழாது, காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. இரண்டாவது வயலின் நடுவில் செவலையின் வலது முன்னங்கால் உள்ளே போனது. உடம்பு அதே வேகத்தில் அதைத் தாண்டிப் போனது. கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம் கரைமேல் எனக்குக் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் மூன்று காலில் எழுந்து நின்றிருந்தான். ஊளையிடவில்லை. முயல் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னங்கால் முட்டிக்குக் கீழே துணி மாதிரி ஆடியது. பல்லிடுக்கில் ஒரு உளுந்துச் சருகு ஒட்டியிருந்தது, அதை எடுத்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கருவாச்சி வெகுநேரம் கழித்து வெறும் வாயோடு வந்து அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

தாத்தா கேட்டபோது, கயிறு கை நழுவிவிட்டது என்றேன். அவர் கயிற்றை வாங்கி, முனையைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தோள் துண்டை விரித்து அவனைத் தூக்கிக் கிடத்தினார். அவரும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கமாகத் துண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நான் கருவாச்சியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். செத்த முயலும் என் தோளில்தான் இருந்தது. அன்றைக்குப் பாட்டி அதை மிளகு போட்டுக் குழம்பு வைத்தாள். தாத்தா சாப்பிட உட்காரவில்லை.

கட்டுப் போடுகிற வைத்தியர் வந்து எலும்பை இழுத்துச் சேர்த்து, முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் பூசிச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பது நாள். ராத்திரியில் கட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை; நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கால் கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது. அதற்கப்புறம் செவலை ஏழு வருஷம் இருந்தான். நடப்பான், ஓடமாட்டான். திண்ணையில் படுத்திருக்கும்போது வேப்பமரத்தில் அணில் இறங்கினால் விருட்டென்று எழுந்து நிற்பான், அவ்வளவுதான். கருவாச்சியை ஒருமுறை தனியாகப் படுகைக்குக் கூட்டிப்போனார் தாத்தா. முயல் எழும்பியும் அவள் நாலு தாவு தாவிவிட்டு நின்று, பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அன்றோடு தாத்தா வேட்டையை விட்டார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு முயலை நாய்விட்டுப் பிடிப்பது குற்றம். நீ விளையாட்டுக்குக்கூட அப்படி ஒன்றைச் செய்துவிடக் கூடாது. இப்போது வயலெல்லாம் மயில் வேறு மேய்கிறது. உன் குட்டி கண்ணால் ஓடுகிற ஜாதி, அதற்குச் சட்டம் தெரியாது. பார்த்துக்கொள்ள வேண்டியது நீதான்.

தாத்தாவிடம் நான் அந்தப் பொய்யைத் திருத்திச் சொல்லவே இல்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே சொல்லவில்லை. கடைசியாக அவர் படுக்கையில் கிடந்தபோது நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் யாரோ பார்க்க வந்துவிட்டார்கள்.

அதனால் சொல்கிறேன். லீவுக்கு அதைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கும் பார்க்க வேண்டும். ஆனால் வயலில் அவிழ்க்காதே. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்து நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து பாய்ந்தால்தான் அந்த வெடிப்பெல்லாம் மூடும். அதுவரை காலை ஆறு மணிக்குள் ஆற்று மணலுக்குக் கூட்டிப்போகலாம், நான் வருகிறேன். வெயில் ஏறினபிறகு ஓடவிட்டால் எந்த நாய்க்கும் ஆபத்து. ஒரு வயது ஆகிறவரை எலும்பு முற்றாது, மணலிலும் விரட்டி விரட்டி ஓடவிடாதே.

இன்னொன்று. இதற்குத் தலையைவிடக் கழுத்துப் பெருசு. கடையில் விற்கிற கழுத்துப் பட்டையைப் பின்னால் ஒரு அடி வைத்தே உருவிவிட்டுப் போய்விடும். மார்போடு சேர்த்துப் போடுகிற பட்டைதான் நல்லது. ஒரு நூலை வைத்து அதன் கழுத்தையும் மார்பையும் அளந்து, இரண்டு அளவையும் எழுதி அனுப்பு. தஞ்சாவூரில் தோல் தைக்கிறவர் ஒருவரைத் தெரியும். நீங்கள் வருவதற்குள் நானே தைத்து வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா