லைன் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும்

வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை ஜீப்பில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. அம்மா இப்போதுதான் கொஞ்சம் கண் அசந்திருக்கிறாள். போனை எடுத்தால் படிக்காத செய்திகள் மலை மாதிரி கிடக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போடத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் எல்லோருக்குமாக இந்த ஒரே மடல். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்; சிலருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அதை மறுபடி எழுத இப்போது தெம்பில்லை, மன்னியுங்கள்.

பெங்களூரு ஓட்டப் பயிற்சி முகாமிலிருந்து கேட்ட மாத்திரத்தில் காரை எடுத்த தோழிக்கும் அவள் தம்பிக்கும் நன்றி. பந்திப்பூர் காட்டு ரோட்டை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். குண்டல்பேட்டையைத் தாண்டி அந்த கேட் முன்னால் நாங்கள் நின்ற ராத்திரியில், யார் என்ன என்று கேட்காமல் ஃபிளாஸ்க்கோடு வந்து டீ ஊற்றிக் கொடுத்த லாரிக்கார அண்ணன்களுக்கு நன்றி. நான் வந்து முகம் பார்க்கிறவரை எடுக்க விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்ற பெரியப்பாவுக்கு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கிற அக்காமாருக்கு, மழை ஈரத்தில் குழி வெட்டிய அப்பாவோடு தேயிலைச் செடி கவாத்து வெட்டுகிற கேங்குக்கு, கூடலூரிலிருந்து குளிர்பெட்டி கொண்டுவந்து வாடகை வாங்காமல் போனவருக்கு, மூன்று வேளையும் பொங்கிப் போட்ட எங்கள் லைனுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு. விட்டுப்போன பெயர்கள் நிறைய இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கும் ஒரு நன்றி இருக்கிறது, நேரில் சொன்னால் திட்டுவாள். போட்டி நெருங்குகிற நேரம், ஓடி முடித்துவிட்டு வரட்டும், அதுவரை சொல்ல வேண்டாம் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்கள் எண்ணத்தில் குறை சொல்ல மாட்டேன். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன திருச்சி ஓட்டப்பந்தய வீராங்கனை தனலட்சுமிக்கு, அவருடைய அக்கா இறந்த செய்தியை வீட்டில் சொல்லவில்லை. ஊர் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது, அங்கேயே கதறிவிட்டார். அந்தக் காட்சியை டிவியில் பார்த்தபோது அம்மா என்னைப் பார்த்து, “நல்லதோ கெட்டதோ உனக்கு உடனே சொல்லிருவேன்டி” என்றாள். இப்போது அவ்வளவு பேர் வேண்டாம் என்று தடுத்தும், அன்று சொன்னபடியே போனை எடுத்துச் சொன்னாள். அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு திடம் வேண்டும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

அடுத்தது, முகம் தெரியாத உங்களுக்கு. எங்கெங்கிருந்தோ எழுதினீர்கள். காரைக்குடியில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் ஒரு நிமிடம் மௌனமாக நின்றதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பந்தலூர் பஜாரில் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். அதில் அப்பா படத்தைவிட பதக்கத்தோடு நிற்கிற என் படம் பெரிதாக இருந்தது. அப்பா பார்த்திருந்தால் அதற்குத்தான் சந்தோஷப்பட்டிருப்பார், அதனால் விட்டுவிட்டேன். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி, சின்னப் பையனாக இந்த மலைக்கு வந்தவர் அவர். தேயிலைச் செடியைத் தவிர வேறெதற்கும் தன் பெயர் தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் பெயரை இத்தனை ஆயிரம் பேர் எழுதினீர்கள். அதற்கு நான் என்ன பதில் செய்ய முடியும்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வந்த செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: அப்பாவுக்காகத் தங்கம் வாங்கி வா. கூடவே, அப்பாவை இழந்த பிறகும் ஆடிய கிரிக்கெட் வீரர்கள் சச்சின் படம், சிராஜ் படம். அன்பில்தான் அனுப்பினீர்கள், எனக்குத் தெரியும். இழவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று தோன்றும் இல்லையா, தூரத்தில் இருப்பவர்கள் இந்த வரியைக் கொண்டுவந்தீர்கள். அப்புறம் நான் போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று தெரிந்ததும் சிலர் குரல் மாறியது. சச்சின் போகவில்லையா, சிராஜ் நிற்கவில்லையா என்று கேட்டார்கள்.

சச்சினுடைய அப்பா ரமேஷ் டெண்டுல்கர் இறந்தது 1999 மே 19. உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. சச்சின் இங்கிலாந்திலிருந்து மும்பைக்கு வந்தார். அந்த ஜிம்பாப்வே ஆட்டத்தில் அவர் இல்லை, இந்தியா 3 ரன்னில் தோற்றது. வீட்டில் இருந்து, செய்ய வேண்டியதைச் செய்து, அம்மா போகச் சொன்ன பிறகுதான் திரும்பினார். மே 23 பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக அடித்த 140 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் வீட்டுக்கு வந்து போனதை யாரும் சொல்வதில்லை. சிராஜ் கதை வேறு. 2020 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது, ஆட்டோ ஓட்டி வளர்த்த அப்பா ஹைதராபாத்தில் போய்விட்டார். கொரோனா காலம். வந்தால் திரும்ப அணியோடு சேர்வது சுலபமில்லை. இருக்கிறாயா, போகிறாயா என்று கிரிக்கெட் வாரியம் கேட்டது, அவர் இருந்தார். பிரிஸ்பேனில் ஐந்து விக்கெட் எடுத்தார். ஜனவரியில் ஊருக்கு வந்ததும் விமான நிலையத்திலிருந்து நேராக அப்பா கல்லறைக்குத்தான் போனார். மிசோரம் ஹாக்கிப் பெண் லால்ரெம்சியாமி 2019-ல் ஹிரோஷிமாவில் அரையிறுதிக்கு முன் அப்பா இறந்த செய்தி கேட்டு, இறுதி ஆட்டமும் ஆடி ஜெயித்துவிட்டுத்தான் ஊர் போனார். மூன்று பேரும் மூன்று விதம். அவரவர் வீடு, அவரவர் அம்மா, அவரவர் மனசு. மூன்றையும் ஒரே பாடமாக்கி என் முன்னால் வைக்க வேண்டாம், தயவுசெய்து.

சரி. இத்தனை பேரில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத விடுங்கள். பெயர் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார், ஆபீசில் கேள்வி வருமாம்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதுமலை, வயநாடு, நிலம்பூர் மூன்று காடுகளுக்கும் நடுவில் கிடக்கிறது கூடலூர், பந்தலூர். யானைகளுக்கு இது போக்குவரத்துப் பாதை. அந்தப் பாதையில்தான் தேயிலைத் தோட்டமும் எங்கள் லைன் வீடுகளும் இருக்கின்றன. ராத்திரி முழுக்க டார்ச்சோடு யானை பின்னால் நடந்து, இங்கே நிற்கிறது, அங்கே போகாதீர்கள் என்று வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவு போடுகிறவர்கள் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அவர்களில் ஒருவர் அந்த அண்ணன்.

அவருக்கும் அப்பாவுக்கும் ஆகாது. காரணம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலா மரம். பழ வாசனைக்கு யானை வரும், காயிலேயே வெட்டிப் போடுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் வந்து நிற்பார். வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பா நாலைந்து காயை இலை மறைவில் விட்டுவைப்பார். அவர் கண்டுபிடிப்பார். பெரிய சண்டை நடக்கும், கடைசியில் ஆளுக்கொரு டீயோடு முடியும்.

இழவு வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கூட நின்று படம் எடுக்கிறவர்களுக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்த நாட்கள் அவை. ஓடிப் பழகிய உடம்பு சும்மா இருந்தால் ராத்திரியில் கால் குடையும், தூக்கம் வராது. ஒரு விடியற்காலை ஷூவை மாட்டினேன். காரியம் முடியவில்லை, அதற்குள் என்ன ஓட்டம், நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று பெரியம்மா கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டாள்.

லைன் முனையில் குழாயடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி டியூட்டி முடிந்து தூங்கப் போக வேண்டிய நேரம். “ஃபேக்டரி வளைவுல ரெண்டு பெருசும் ஒரு குட்டியும் நிக்குது பாப்பா. மேல் ரோட்டுல போ” என்றார். அவ்வளவுதான். நான் ஓட ஆரம்பித்ததும் பின்னால் பைக் சத்தம் கேட்டது. பக்கத்தில் வரவில்லை, முந்தவும் இல்லை. வெளிச்சம் மட்டும் எனக்கு முன்னால் ரோட்டில் விழுகிற தூரத்தில் வந்துகொண்டே இருந்தார். வளைவு வரும்போது மட்டும் ஹாரனை ஒரு தட்டு தட்டுவார். பள்ளிக்கூட நாளில் அப்பா டார்ச்சோடு முன்னால் போய், யானைக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே சத்தமாக இருமிக் கொண்டே நடப்பார். அந்த இருமலை அண்ணனும் கேட்டிருப்பார், அவர் ரோந்து போகிற பீட் அதே ரோடுதானே. ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாளும் குழாயடியில் நின்றார். அதற்கு மறுநாளும். ஆறுதல் சொல்லவில்லை. எப்போது முகாமுக்குத் திரும்புகிறாய் என்று கேட்கவில்லை. இவ்வளவு நாளில் என்னிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இந்த ஷூ என்ன விலை வரும்?” சொன்னேன். பைக்கை நிறுத்தியே விட்டார். அந்தக் காசுக்கு எனக்கு ஓய்வு பெறுகிறவரைக்கும் பூட்ஸ் வருமே என்றார். இரண்டு பேரும் நடு ரோட்டில் நின்று சிரித்தோம். அப்பா போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அவர் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பைக் சங்கிலியைப் பார்ப்பதுபோல குனிந்துகொண்டார்.

ஒரு நாள் கேமராவோடு இரண்டு பேர் மேல் ரோட்டில் காத்திருந்தார்கள். அப்பாவை இழந்தும் ஓடுகிறாள் என்று வீடியோ போடவாம். அண்ணன் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, “ஒத்தை யானை நடமாட்டம் இருக்கு, இங்க நிக்கக்கூடாது, உடனே கிளம்புங்க” என்று ஆபீசர் குரலில் சொன்னார். அவர்கள் அலறியடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஒற்றை யானை எப்போதோ கேரளப் பக்கம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும், காலையில் குரூப்பில் பதிவு போட்டதே அவர்தான். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு பொய் சொல்லலாமா அண்ணா என்றேன். யானை திரும்பி வராது என்று எழுதியா கொடுத்திருக்கிறது என்றார்.

பலா மரத்தில் இந்த வருஷமும் அப்பா மறைத்துவைத்த காய்கள் இருந்தன. காரியத்துக்கு முந்தின நாள் அண்ணன் ஏறி எல்லாவற்றையும் வெட்டி இறக்கினார். பந்தியில் நீங்கள் சாப்பிட்ட பலாக்காய்க் கூட்டு அதுதான்.

அவரைப் பற்றி இத்தனை எழுதுவதால் மற்றவர்கள் செய்தது குறைவு என்று அர்த்தமில்லை. ஆயிரம் பேர் எனக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், எந்த ரோட்டில் யானை இல்லை என்று மட்டும் ஒருவர் சொன்னார். எனக்கு அப்போது அது போதுமாக இருந்தது.

இந்த சீசன் போட்டிக்குப் போகவில்லை. ஓடு என்றோ ஓடாதே என்றோ சொல்லாமல் விட்ட என் கோச்சுக்கும் இந்த இடத்தில் நன்றி. அடுத்த சீசன் ஓடுவேன். முதலாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் கோட்டைத் தாண்டியதும் அப்பா படத்தைத் தூக்கிக் காட்ட மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கூச்சம் அதிகம். இன்னொரு வீராங்கனை வீட்டில் இப்படி நடந்தால், ஜெயித்துவிட்டு வா என்று நான் எழுத மாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

அப்பா பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று பணம் அனுப்பக் கேட்கிறவர்களுக்கு: எனக்கு அனுப்ப வேண்டாம். தென்மேற்கு மழை பிடித்தால் தேவாலா, சேரம்பாடிப் பக்கம் நாள்கணக்கில் விடாது. அதற்குள் எங்கள் பக்கக் காவலர்களுக்கு நல்ல ரெயின்கோட்டும் பூட்ஸும் டார்ச்சும் வாங்கிக் கொடுக்க நினைத்திருக்கிறேன். போன பரிசுப் பணத்தில் கொஞ்சம் மீதி இருக்கிறது. முறைப்படி வனத்துறை ஆபீசில் கேட்டு அனுமதி வாங்கித்தான் செய்வேன், அண்ணனுக்குத் தொந்தரவு வராது. உங்கள் ஊரிலும் இதே வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள், அங்கேயே பார்த்துச் செய்யுங்கள்.

கடைசியாக, லைன்காரர்களுக்கு ஒரு சேதி. காரியத்துக்கு இரவல் வாங்கிய பாத்திரங்களைக் கழுவித் திண்ணையில் அடுக்கியிருக்கிறோம். பெயர் வெட்டியதையெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இரண்டு கரண்டி, ஒரு சல்லடை, காது உடைந்த பெரிய அலுமினிய குண்டான் ஒன்று, இவற்றுக்கு மட்டும் ஆள் வரவில்லை. குண்டான் தன்னுடையது என்று மூன்று வீட்டில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், டீ போட்டு வைக்கிறேன்.