ரேடியோவை நிறுத்தாதீர்கள் மச்சாள்

அன்புள்ள மச்சாள்,

அண்ணா இரவில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறார், நிறுத்தினால் எரிந்து விழுகிறார் என்று போனில் சொன்னீர்கள். "காதுக்குள்ள ஏதோ கூவுதாம், மனப்பிரமையோ தெரியேல்லை" என்றீர்கள். எனக்கு வாயால் விளக்க வராது, அதுதான் எழுதுகிறேன்.

பிரமை இல்லை. 2009இல் போர் நேரம் புதுக்குடியிருப்பில் பங்கர் வாசலில் ஷெல் விழுந்ததிலிருந்து எனக்கும் இதேதான். உட்காதில் ஒலியைப் பிடிக்கிற நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் செத்தால் அவை திரும்ப முளைக்காது. அங்கிருந்து வர வேண்டிய ஒலி குறைந்ததும் மூளை தன்பாட்டில் சத்தத்தைக் கூட்டிவிடுகிறது, அதுதான் கூவலாகக் கேட்கிறது என்கிறார்கள். அண்ணாவுக்கு ஷெல்லோடு அரிசி மில் சத்தமும் சேர்ந்துகொண்டது (காதுமூடி போடச் சொல்லுங்கள், கேட்கமாட்டார்). சுற்றிவர அமைதியானால் இரைச்சல் பெரிதாகும். பொழுதுபட்டுக் காட்டுப் பக்கம் சில்வண்டு கத்தத் தொடங்கினால் எனக்கு நிம்மதி. எது வண்டு, எது காது என்று பிரிக்க முடியாது. அண்ணாவுக்கு ரேடியோ. சத்தத்தைக் குறைத்து வையுங்கள், போதும்.

காதுக்குள்ள பூச்சி போயிருக்கும் என்பார்கள் ஊரில், உள்ளி போட்டுக் காய்ச்சின எண்ணெய் விடச் சொல்வார்கள். விட வேண்டாம், செவிப்பறை கிழிந்திருந்தால் ஆபத்து. ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே "பழகிடும்" என்று விற்றமின் எழுதித் தந்தார். பழகும்தான். அதை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அதெல்லாம் பரவாயில்லை மச்சாள். செயற்கைக் காலோடு தோட்டம் கொத்துகிறவருக்கு முன்னால், முதுகில் இன்னும் ஷெல் துண்டோடு திரிகிறவருக்கு முன்னால், காது இரையுது என்று எந்த வாயால் சொல்வது? ஒரு கலியாண வீட்டில் சொல்லிவிட்டேன். "உனக்குக் காதாவது மிச்சம் இருக்கு" என்றார் ஒருவர், பகிடியாகத்தான். பந்தியே சிரித்தது, நானும் சிரித்தேன். அதோடு சொல்வதை விட்டுவிட்டேன். அண்ணா இவ்வளவு காலம் வாய் திறக்காததும் இதனால்தான் இருக்கும். இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்காக "இண்டைக்கும் கூவுதோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்காதீர்கள். மறந்திருக்கிற மனுசனுக்கு நினைவூட்டுகிற வேலை அது.

கேள்திறன் சோதனைக்குக் கூட்டிப் போங்கள். கேட்பது குறைந்திருந்தால் காதுக் கருவி இரைச்சலையும் தணிக்கக்கூடும். ஒரு காதில் மட்டும் இரைகிறதா, நாடியோடு சேர்ந்து அடிக்கிறதா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும். கிளினிக்குக்கு அவரைத் தனியே அனுப்பவேண்டாம். நேர்ஸ் பெயர் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது.