டாஸை விற்றுவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்குத் தவிலை ஏற்றிக்கொண்டு போனபோது, மாரியன்ஹில் டோல் தாண்டி ஏற்றத்தில் உன் பழைய டொயோட்டா டாஸ் கார் கொதித்து நின்றதாமே. சாயங்காலம்தான் எனக்குச் செய்தி வந்தது. ஒரு போன் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன். நீ தவிலைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலையோரம் நின்றதாகக் கேட்டதும் மனசு சங்கடப்பட்டது.

ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் தகடு, போய்விட்டது, 12,500 ராண்ட் ஆகும் என்று மெக்கானிக் சொன்னாராம். வண்டியே முப்பதாயிரத்துக்கு மேல் போகாதே, அதற்கு இவ்வளவு செலவா என்று யோசிக்கிறாயாம். இதற்குள் 45,000 ராண்டுக்கு ஒரு பழைய ஹோண்டா ஃபிட் பார்த்து வைத்திருப்பதாகவும் அண்ணி சொன்னாள். ஊரிலிருந்து இங்கே டர்பனுக்கு வரும் நம் பிள்ளைகள் பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த ஃபிட். நீ அனுப்பிய படத்தை அண்ணி காட்டினாள். 2008 மாடல், பின்னால் 'ஃபிட்' என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஹோண்டா இதே காரைத் தென்னாப்பிரிக்காவில் 'ஜாஸ்' என்ற பெயரில்தான் விற்றது. ஃபிட் என்ற பெயர் இங்கே வந்தது 2021-இல். அப்படியானால் உன் கண்ணில் பட்ட வண்டி ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது. டர்பன் துறைமுகத்தில் வரிசை வரிசையாகப் பழைய ஜப்பான் கார்கள் இறங்குவதைப் பார்த்திருப்பாய். அவை ஜிம்பாப்வே, ஜாம்பியா, போட்ஸ்வானா போன்ற நாடுகளுக்குப் போகிறவை. பழைய காரை இறக்குமதி செய்து விற்க இந்த நாட்டில் அனுமதி இல்லை. இங்கே குடியேற வருகிறவரோ, வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவரோ தன் சொந்த வண்டியை பெர்மிட் வாங்கிக் கொண்டுவரலாம், அவ்வளவுதான். மற்றபடி எல்லைக்குப் போகாமல் வழியில் நழுவிய வண்டியை உன் பெயருக்கு மாற்றவே முடியாது. என்றைக்காவது போலீஸ் நிறுத்தினால் வண்டியும் போகும், 45,000-மும் போகும். யாரிடம் போய்க் கேட்பாய்? அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடு.

சரி, முறையான வண்டியாகவே பார்க்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். 2022-இல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் பழைய கொரோலாவின் கியர்பாக்ஸ் போனது. 14,000 ராண்ட் என்றார்கள். உன்னைப்போலவே கணக்குப் போட்டு, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஒருவர் வீட்டு வாசலிலேயே ஒரு செடான் வாங்கினேன். பளபளவென்று இருந்தது. சாலையில் ஓட்டத் தகுதியானது என்று தரும் ரோட்வர்த்தி சான்றிதழும் இருந்தது. நான்காம் மாதம் டேஷ்போர்டு விளக்குகள் தாமாக எரிந்து அணைய ஆரம்பித்தன. எலக்ட்ரீஷியன் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் காய்ந்த சேறு, ஒயர் முனைகளெல்லாம் பச்சைப் பாசி பிடித்தது போல. அந்த வருஷம் ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, தம்பி. நானூறு பேருக்கு மேல் செத்த வெள்ளம் அது. புரோஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா தொழிற்சாலைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. நனைந்த ஆயிரக்கணக்கான புது வண்டிகளை விற்கவே கூடாது என்று அவர்கள் அழிக்க முடிவெடுத்தார்கள். தனியார் வண்டிகளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? கழுவிக் காயவைத்து விற்றுவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்ட காகிதத்தில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று ஒரு சொல் இருந்தது. உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். டீலரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் குறையைச் சொல்லித் திருப்பிக் கேட்டிருக்கலாம். தனி ஆளிடம் வாங்கியதற்கு அந்தச் சட்டம் வராது. தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் வழக்குப் போடலாம்தான். எனக்கு அதற்குத் தெம்பு இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், 12,500-ஐ வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடாதே. டாஸ் இந்த ஊர்த் தொழிற்சாலையில் 2006 வரைக்கும் செய்த வண்டி. உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஸ்க்ராப்யார்டிலும் கிடைக்கும். அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் சாட்ஸ்வொர்த்தில் இல்லை. ஆறு வருஷமாக அதன் ஒவ்வொரு சத்தமும் உனக்குத் தெரியும். கடன் வாங்கி வேறு வண்டி எடுத்தால் தவணையோடு முழு இன்ஷூரன்ஸும் கட்டச் சொல்லும் பேங்க். கோயில் சம்பளமும் மாலை வகுப்புப் பிள்ளைகள் தரும் பணமும் மாதாமாதம் அதற்கே போய்விடும். ஊருக்கு அம்மாவுக்கு எதை அனுப்புவாய்?

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்காதே. முதலில் கேஸ்கெட்தானா என்று பார்க்க வேண்டும். பிளாக் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைப்பார்கள். எஞ்சின் புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றினால் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்து, அதன் அடிப்பரப்பைச் சமமாகச் சீவி, அதாவது ஸ்கிம் பண்ணித்தான் பூட்ட வேண்டும். வெறும் கேஸ்கெட்டை மாற்றிப் பூட்டினால் மறுபடியும் அதே ஏற்றத்தில் நிற்பாய். டைமிங் பெல்ட்டைக் கழற்றத்தான் போகிறார்கள், அதையும் புதிதாகப் போடச் சொல். தெர்மோஸ்டாட்டும் மாற்று, பெரிய விலையில்லை. இதெல்லாம் அந்த 12,500-க்குள் வருகிறதா என்று எழுதி வாங்கு.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயம். துரு. நீ முதல் மூன்று வருஷம் பிளஃப் பக்கம் குடியிருந்தாய், கடல் உப்புக்காற்று இரவெல்லாம் வண்டி மேல் பட்டது. கதவுக்குக் கீழே இருக்கும் 'சில்' என்ற தகட்டுச் சட்டமும், முன்பக்கம் ஷாக் அப்சார்பர் மேலே பூட்டியிருக்கும் இடமும் அரித்துப் போயிருந்தால் எஞ்சினுக்கு ஒரு காசு செலவழிக்காதே. அப்போது நானே உன்னோடு வந்து டீலரிடம் வேறு வண்டி பார்க்கிறேன். பதிவுத்தாளில் கோட் 2 என்று இருக்க வேண்டும். கோட் 3 என்றால் ஒருமுறை சேதமாகித் திரும்பக் கட்டிய வண்டி. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சேற்றுக்கறை இருக்கிறதா என்றும் பார்ப்போம்.

சனிக்கிழமை காலையில் வீட்டிலேயே இரு. வண்டியைக் கிளப்பாதே, சூடேறினால் ஹெட் இன்னும் வளையும். ஜாக்கும் டார்ச்சும் கொண்டு வருகிறேன், முதலில் அடியில் படுத்துத் துருவைப் பார்த்துவிடுவோம். அன்று சாயங்காலம் இசிபிங்கோ கச்சேரிக்கு உன்னையும் தவிலையும் என் வண்டியிலேயே கொண்டு விடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்