நொய்யல் அருங்காட்சியகத்துக்கு முதலில் எடுக்க வேண்டிய ஆள்

மதிப்பிற்குரிய தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் 22 கோடி ரூபாயில் நொய்யல் அருங்காட்சியகம் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நொய்யல் ஆற்றங்கரைத் தொல்லியல் களமான கொடுமணலில் அகழாய்வுகளில் கிடைத்துவரும் கல்மணிகளும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள பானையோடுகளும் இரும்புப் பொருள்களும் பிறந்த மண்ணிலேயே இருக்கட்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. கட்டடத்துக்கு யோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். அருங்காட்சியகப் பணியாளர் நிர்வாகத்தில் இருக்கும் நாங்கள் கேட்பது ஒன்றே: முதல் பணியிடமாக ஒரு மனிதவள அலுவலரைப் போடுங்கள், அரும்பொருள்களுக்குப் பொறுப்பான காப்பாட்சியருக்கும் முன்பாக.

காவலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாசலில் இரவு பகலாக ஒருவர் நிற்க மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் என்றுதான் கோப்பில் எழுதுவார்கள். வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் பார்ப்பது 6. அங்கேயே மூன்றரை ஆள் ஆகிவிட்டது. விடுப்பு, பண்டிகை, காய்ச்சல் எல்லாம் போக ஒருவர் ஆண்டுக்கு 270 நாள் வந்தால், 1,095 ஷிப்டுக்கு நான்கு பேருக்குச் சற்று மேலேயே வேண்டும். மூன்று பேரைப் போட்டால் நான்காமவர் வேலையை அந்த மூவரே டபுள் ஷிப்ட் பார்ப்பார்கள், நடுராத்திரியில் நாற்காலியிலேயே கண்ணயர்வார்கள். அவர்களுக்கு மெமோ கொடுத்து என்ன பயன்? பிசகு கணக்கில்.

சுற்றிலும் திருப்பூர், பெருந்துறை வேறு இருக்கிறது. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை ஆனால் சம்பளம் கையில். காவலர்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர் சம்பளத்தை இருபதாம் தேதி வரை இழுத்தடித்தால் எந்தக் காவலரும் நிற்கமாட்டார். பில்லைப் பாஸ் செய்யும்முன் ஒவ்வொருவர் பெயரிலும் பி.எஃப். செலுத்திய செலானையும், ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 சதவீதம் கட்டியதையும் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். காப்பாட்சியருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

துப்புரவுப் பணியாளரைப் பயிற்சிப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் காட்சிக்கூடத் தரைக்கும் வந்துவிடும். அதிலிருந்து கிளம்பும் புகை மூடிய காட்சிப் பேழைக்குள்ளும் இடுக்கு வழியாகப் புகும். குளோரைடு ஏறிய இரும்பு செதில் செதிலாக உதிரும். வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் பூக்கும். தண்ணீர் சொட்டும் துணியால் தரையைத் துடைத்தால் ஆபத்து இன்னும் கூடும். வேலைக்கு வந்த முதல் நாளே மூன்று விஷயம் காட்டினால் போதும்: கூடத்துக்குத் தனி வாளி, நன்றாகப் பிழிந்த துணி, பேழைக் கண்ணாடியில் நேராக எதையும் தெளிக்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் ஆளை மாற்றினால் மறுபடியும் காட்ட வேண்டும். இங்கேதான் பல இடங்கள் கோட்டை விடுகின்றன.

மாறுதல் ஆணை வரும்போது இன்னொரு சிக்கல். பொறுப்பை ஒப்படைக்கப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சிறு மணிகளைப் பெட்டிக்குப் பெட்டி எண்ணி, 0.01 கிராம் காட்டும் தராசில் எடை போட்டு, படத்தோடு ஒப்பிட்டபிறகே விடுவிப்பு ஆணை தர வேண்டும். அதற்கான நாள்கள் மாறுதல் ஆணையிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் காணாமல் போனது யார் காலத்தில் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும். அதில் வெளியாள் ஒருவர் கட்டாயம். திறப்பு விழாவுக்கு முன்பே அமைத்துவிடுங்கள்.

பணி உயர்வையும் சொல்லியாக வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம் 1930இல் எஸ். பரமசிவனை வேதியியலாளராக எடுத்து ஒரு ஆய்வுக்கூடத்தையே கொடுத்தது. அரிப்பு பிடித்த வெண்கலச் சிலைகளை மின்வேதி முறையில் மீட்டெடுக்க அங்கிருந்துதான் வழி பிறந்தது. அப்படிப்பட்டவர் இன்று தொகுப்பூதியத்தில் பதினோரு மாதம் மட்டும் இருக்கச் சம்மதிப்பாரா? அரும்பொருள்களைச் சிதையாமல் காக்கும் பாதுகாப்பாளர், அவற்றின் பதிவேட்டைப் பார்க்கும் பதிவாளர், வழிகாட்டி மூன்று பணிகளுக்கும் குறைந்தது மூன்று படிநிலைகளைப் பணிவிதியிலேயே எழுதுங்கள்.

பேழை டெண்டர் விடுவதற்கு ஆறு மாதம் முன்பே மனிதவள அலுவலர் பணியிட ஆணை வெளிவர வேண்டும். ஆள் எடுப்பு, நன்னடத்தைச் சான்று, பயிற்சி மூன்றும் முடிய அவ்வளவு காலம் ஆகும்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டு அருங்காட்சியகப் பணியாளர் நிர்வாகத்தினர் சிலர்